வெம்பன்யாமாவின் முதல் வாரங்கள்: ஒரு புதுமுக வீரரிடம் எதைப் பார்ப்பது?

2023 நவம்பர் 2. ஃபீனிக்ஸ் நகரில் சன்ஸ் அணியோடு மோதிய சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் கூடைப்பந்து அணி, கையில் வைத்திருந்த 27 புள்ளி முன்னிலையை முழுக்கத் தொலைத்துவிட்டிருந்தது. கடைசிக் கால்பகுதியில் 116–116. எதிரில் நட்சத்திர வீரர்கள் கெவின் டுராண்டும் டெவின் புக்கரும். அனுபவம் குறைந்த அணிகள் இந்த மாதிரி நேரத்தில் உடைந்துபோவதைத்தான் நாம் அதிகம் பார்த்திருக்கிறோம். ஆனால் ஸ்பர்ஸ் அடுத்த 12 புள்ளிகளை ஒரே மூச்சில் எடுத்தது. அதில் 10 புள்ளி விக்டர் வெம்பன்யாமாவுடையது. ஆட்டம் 132–121 என்று முடிந்தபோது அவர் கணக்கில் 38 புள்ளி, 10 ரீபவுண்ட் (வளையத்துக்குள் போகாத பந்தைக் கைப்பற்றுவது). அப்போது அவருக்கு வயது 19. அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவில் அது அவருடைய ஐந்தாவது ஆட்டம்.

மறுநாள் எல்லாரும் அந்த 38 பற்றித்தான் பேசினார்கள். பேச வேண்டிய எண்தான், சந்தேகமில்லை. ஆனால் ஒரு புதுமுக வீரர் எதிர்காலத்தில் என்ன ஆவார் என்று தெரிந்துகொள்ள, அவர் முதல் மாதத்தில் எடுத்த புள்ளிகள் பெரிதாக உதவுவதில்லை என்றே நான் நினைக்கிறேன். உதவும் தடயங்கள் வேறு இடங்களில் கிடக்கின்றன. வெம்பன்யாமாவின் முதல் வாரங்களில் அவை வழக்கத்தைவிடத் தெளிவாகத் தெரிந்ததால், அந்த வாரங்களை வைத்தே இதைச் சொல்லிப் பார்க்கலாம்.

முதலில் புள்ளிகள் எப்படி ஏமாற்றும் என்பதைப் பார்ப்போம். 2009 நவம்பரில் மில்வாக்கி பக்ஸ் அணியின் பிராண்டன் ஜென்னிங்ஸ் தன் ஏழாவது ஆட்டத்திலேயே கோல்டன் ஸ்டேட் அணிக்கு எதிராக 55 புள்ளி எடுத்தார். அடுத்த பெரிய நட்சத்திரம் இவர்தான் என்று ஊரே முடிவுகட்டியது. ஆண்டுதோறும் சிறந்த வீரர்கள் ஆடும் ஆல் ஸ்டார் ஆட்டத்துக்கு அவர் ஒருமுறைகூடத் தேர்வாகவில்லை. மைக்கேல் கார்ட்டர் வில்லியம்ஸ் கதை இன்னும் கூர்மையானது. 2013 அக்டோபர் 30 அன்று, ஃபிலடெல்ஃபியாவுக்காகத் தன் முதல் ஆட்டத்திலேயே நடப்புச் சாம்பியனான மயாமி ஹீட் அணிக்கு எதிராக 22 புள்ளி, 12 அசிஸ்ட் (சக வீரர் புள்ளி எடுக்கப் பந்தைக் கொடுப்பது), 7 ரீபவுண்ட், 9 ஸ்டீல் (எதிரணியிடமிருந்து பந்தைப் பறிப்பது). அணியும் ஜெயித்தது. அந்த ஆண்டின் சிறந்த புதுமுக வீரர் விருதும் அவருக்கே வந்தது. அதிலிருந்து ஓராண்டு முடிவதற்குள் ஃபிலடெல்ஃபியா அவரை மில்வாக்கிக்கு விட்டுக்கொடுத்தது.

அவர் போய்ச் சேர்ந்த மில்வாக்கியில், அதே 2013 டிராஃப்டில் (அணிகள் புது வீரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) 15ஆவதாக எடுக்கப்பட்ட ஒரு கிரேக்க இளைஞர் இருந்தார். முதல் பருவத்தில் ஆட்டத்துக்கு 6.8 புள்ளிதான் எடுத்திருந்தார். பெயர் யானிஸ் ஆன்டெட்டோகூன்போ. பின்னாளில் இரண்டு முறை என்பிஏவின் மதிப்புமிக்க வீரர் விருதை வாங்கியவர். கோபி பிரையன்ட் 1996இல் ஆடிய தன் முதல் ஆட்டத்தில் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை என்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ளலாம்.

இது ஏன் இப்படி நடக்கிறது? டிராஃப்ட் முறையிலேயே காரணம் இருக்கிறது. முந்தைய பருவத்தில் மோசமாக ஆடிய அணிகளுக்குத்தான் நல்ல இளம் வீரர்களை முதலில் எடுக்கும் வாய்ப்பு அதிகம். 2019 முதல், கடைசி மூன்று இடங்களில் முடிக்கும் அணிகள் ஒவ்வொன்றுக்கும் குலுக்கலில் முதல் தேர்வு விழ 14 சதவீத வாய்ப்பு. ஆகவே அதிகம் எதிர்பார்க்கப்படும் இளைஞர் பெரும்பாலும் தோற்றுக்கொண்டிருக்கும் அணியில்தான் போய் இறங்குகிறார். அங்கே பந்தைக் கையில் வைத்து ஆட வேறு நல்ல ஆட்கள் இருக்கமாட்டார்கள். யாராவது வளையத்தை நோக்கி எறிந்துதான் ஆக வேண்டும், அதனால் அவர் எறிகிறார். ஒரு ஆட்டத்துக்கு 20 முறை எறிய விட்டால், திறமையுள்ள எந்தத் தொழில்முறை வீரரும் ஏதோ ஒரு நாளில் 30 புள்ளி எடுத்துவிடுவார். கார்ட்டர் வில்லியம்ஸ் ஆடிய அந்த ஃபிலடெல்ஃபியா அணி அதே பருவத்தில் தொடர்ந்து 26 ஆட்டங்கள் தோற்றது. தூரத்திலிருந்து எறியும் மூன்று புள்ளி எறிதலில் அவருடைய வெற்றி 26 சதவீதத்தைச் சுற்றியே இருந்தது. முதல் ஆட்டத்தின் வெளிச்சத்தில் அது யார் கண்ணிலும் படவில்லை. எதிரணிகள் அவரை விட்டு விலகி நின்று வழியை அடைக்கக் கற்றுக்கொண்ட பிறகு அதுதான் பெரிய குறையாக நின்றது.

சரி, வெம்பன்யாமாவுக்கு வருவோம்.

2004 ஜனவரியில் பாரிஸுக்கு அருகில் பிறந்தவர். அம்மா கூடைப்பந்து ஆடியவர், பயிற்சியாளரும்கூட. அப்பா மும்முறை தாண்டும் தடகள வீரர். அமெரிக்கக் கல்லூரி ஆட்டத்துக்குப் போகாமல் பதின்ம வயதிலேயே பிரான்ஸின் தொழில்முறை லீக்கில் ஆடினார். 2022–23இல் வின்சென்ட் கோலே பயிற்சியில் மெட்ரோபொலிட்டன்ஸ் 92 அணியை இறுதிச்சுற்று வரை கொண்டுபோனார், அந்த லீக்கின் மதிப்புமிக்க வீரராகவும் தேர்வானார். 2023 ஜூன் 22 அன்று ஸ்பர்ஸ் அவரை முதல் தேர்வாக எடுத்தது. உயரம் சுமார் 224 சென்டிமீட்டர், இரு கைகளையும் விரித்தால் ஏறக்குறைய எட்டு அடி.

இவ்வளவு உயரத்தில் ஒருவர் இறங்கினால் முதலில் வரும் சிக்கல் ஃபவுல்தான். அக்டோபர் 25 அன்று டல்லாஸுக்கு எதிரான முதல் ஆட்டத்தில் அதுதான் நடந்தது. ஃபவுல்கள் குவிந்ததால் 48 நிமிட ஆட்டத்தில் 23 நிமிடம்தான் களத்தில் இருக்க முடிந்தது. 15 புள்ளி, 5 ரீபவுண்ட், 5 ஃபவுல், 5 டர்ன்ஓவர் (பந்தை எதிரணியிடம் இழப்பது). அணி 126–119 என்று தோற்றது. டல்லாஸின் லூகா டான்சிச் 33 புள்ளியோடு டிரிபிள் டபுள் (மூன்று கணக்குகளில் பத்தோ அதற்கு மேலோ) எடுத்தார். தலைப்புச் செய்திகளில் ‘சுமாரான தொடக்கம்’ என்ற தொனிதான் தெரிந்தது.

எனக்கு அந்த ஆட்டத்தில் முக்கியமாகப் பட்டது வேறு. அந்த 15 புள்ளியில் 9 கடைசிக் கால்பகுதியில் வந்தது. நெடுநேரம் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு, இன்னொரு ஃபவுல் விழுந்தால் வெளியேற வேண்டும் என்ற நிலையை நெருங்கிக்கொண்டே, முதல் நாளின் பதற்றத்தோடு ஆடிய இளைஞர் அவர். ஒதுங்கி நிற்கவும் இல்லை, அவசரப்பட்டு எதையாவது எறியவும் இல்லை. 9 முறை எறிந்து 6 முறை போட்டார். ஆட்டம் கையைவிட்டுப் போகும்போது ஒரு புதுமுகம் என்ன தேர்வு செய்கிறார் என்பதை நான் முதலில் பார்ப்பேன். எட்டு நாள் கழித்து ஃபீனிக்ஸில் 116–116 என்றிருந்தபோது நாம் பார்த்ததும் இதே குணம்தான். இந்த முறை விளைவு பெரிதாக இருந்தது, அவ்வளவே.

ஃபவுல் விஷயத்தில் விதிகளின் வேறுபாட்டையும் கவனிக்க வேண்டும். ஐரோப்பாவில் ஆட்டம் 40 நிமிடம், ஐந்து ஃபவுலில் வெளியே. என்பிஏவில் 48 நிமிடம், ஆறு ஃபவுல். இதைவிடப் பெரிய மாற்றம் தடுப்பாட்டத்தில். சர்வதேச விதிப்படி ஒரு உயரமான வீரர் தன் வளையத்துக்கு அடியிலேயே எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் காவல் நிற்கலாம். என்பிஏவில், அருகில் யாரையும் நெருங்கித் தடுக்காமல் வளையத்தை ஒட்டிய அந்தப் பெயின்ட் பகுதிக்குள் மூன்று வினாடிக்கு மேல் நிற்கக்கூடாது. வெளியே போய்த் திரும்ப உள்ளே வர வேண்டும். நேரத்தைக் கணித்துக் கால் நகர்த்தும் இந்தப் பழக்கம், வீரர் எவ்வளவு உயரம் என்றாலும் தானாக வருவதில்லை. வெம்பன்யாமா ஒரே பருவத்துக்குள் இதைக் கற்றுக்கொண்டார். 71 ஆட்டங்களில் 254 பிளாக் (எதிராளி எறியும் பந்தைத் தட்டித் தடுப்பது), லீக்கிலேயே அதிகம். சிறந்த தடுப்பாட்டக்காரர் வாக்கெடுப்பில் ரூடி கோபேருக்கு அடுத்து இரண்டாமிடம். தடுப்பாட்டத்துக்கான முதல் அணியில் இடம்பிடித்த முதல் புதுமுகம் என்ற பெருமையும் அவருக்குத்தான்.

பிளாக் கணக்கிலும் பாதிக் கதைதான் இருக்கிறது. எறியப்படாத பந்துக்குக் கணக்கு கிடையாது. வளையத்தை நோக்கிப் பாய்ந்து வரும் எதிரணி வீரர், உள்ளே இந்த நீளமான கைகளைப் பார்த்ததும் வேகத்தைக் குறைத்து, பந்தைத் தட்டிக்கொண்டே வந்த வழியே திரும்பிப் போவார். முதல் வாரத்திலிருந்தே இது திரும்பத் திரும்ப நடந்தது. வளையத்துக்கு அருகில் ஓடிவந்து லேஅப் போட வந்த அனுபவசாலிகள் நடுவழியில் மனம் மாறி மூலையில் நிற்பவருக்குப் பந்தைக் கொடுத்தார்கள். ஒரு வீரர் களத்தில் இருப்பதாலேயே எதிரணியின் திட்டம் மாறுகிறது என்றால், அது அவர் எறிந்த பந்து உள்ளே போகாத நாளிலும் நிலைக்கும் திறமை. ஒரு இளைஞரின் ஆட்டத்தைப் பார்க்கும்போது பந்தை விட்டுவிட்டு எதிரணிக்காரர்களின் கால்களைக் கொஞ்ச நேரம் பார்த்தால் போதும், அவர்கள் அவருக்கு எவ்வளவு மரியாதை கொடுக்கிறார்கள் என்பது தெரிந்துவிடும்.

தாக்குதலில் நான் நம்பும் தடயம், எதிரணியின் ஃபவுலுக்காகக் கிடைக்கும் ஃப்ரீ த்ரோ. மூன்று புள்ளி எறிதல் முதல் பருவத்தில் ஏறி இறங்கும். தூரமும் அதிகம், தடுப்பவரும் வேகம், கால்களில் களைப்பு வேறு. ஃப்ரீ த்ரோவில் தடுக்க யாரும் கிடையாது. கையின் பக்குவம் மட்டும் தனியாகத் தெரியும். வெம்பன்யாமா அந்தப் பருவத்தில் மூன்று புள்ளியில் 32.5 சதவீதம்தான், ஆனால் ஃப்ரீ த்ரோவில் சுமார் 80. ஏழடியைத் தாண்டிய ஒருவருக்கு அது அபூர்வமான எண். தூர எறிதல் நாளடைவில் சரியாகும் என்று சொல்ல அதுதான் தைரியம் தந்தது.

இனி, பலரும் மறந்துவிட்ட பகுதி. ஃபீனிக்ஸ் வெற்றியோடு ஸ்பர்ஸ் 5 ஆட்டங்களில் 3 வெற்றி என்ற நிலையில் இருந்தது. அதன் பிறகு தொடர்ந்து 18 தோல்வி. அணியின் வரலாற்றிலேயே அவ்வளவு நீண்ட தோல்வி வரிசை அதற்கு முன் வந்ததில்லை. 3 வெற்றி 2 தோல்வி என்று இருந்தது, டிசம்பர் நடுவில் 3 வெற்றி 20 தோல்வி ஆனது. 38 புள்ளியைக் கொண்டாடியவர்களில் சிலர், எடை போதாது, முறிந்துவிடுவார், மிகைப்படுத்திவிட்டோம் என்று பேசத் தொடங்கினார்கள்.

அந்த ஆறு வாரத்தில் அவரைச் சுற்றி என்ன இருந்தது என்று பார்க்க வேண்டும். பயிற்சியாளர் கிரெக் போபோவிச் ஒரு சோதனை செய்துகொண்டிருந்தார். ஃபார்வர்டாக ஆடி வளர்ந்த ஜெரமி சோஹனைப் பாயிண்ட் கார்டாக நிறுத்தினார். சோஹனுக்கு அது இரண்டாவது பருவம்தான், வயது 20. பந்தை முன்னால் கொண்டுவந்து ஆட்டத்தை அமைக்கும் வேலை அவர் தொழில்முறையில் செய்து பழகாதது. அதோடு, வளையத்துக்கு அருகில் ஆடும் சென்டராக ஜாக் காலின்ஸ் ஆட, வெம்பன்யாமா ஃபார்வர்ட் இடத்தில் வெளியே நின்றார். இரண்டும் சேர்ந்து அவருடைய பெரிய பலத்தையே மூடிவிட்டன. வேறு யாருடைய கையும் எட்டாத உயரத்தில் ஒருவர் பந்தைப் பிடிக்க முடியும் என்றால், சரியான நொடியில் அந்த உயரத்துக்குப் பந்தைத் தூக்கிப் போட ஆள் வேண்டும். அவர் கையை உயர்த்திக்கொண்டு வளையத்துக்கு அருகில் நிற்பதும், பந்து அவருக்கு வராமல் போவதும் அந்த வாரங்களில் சாதாரணமாக நடந்தது. பார்க்கவே வேதனையாக இருந்தது.

போபோவிச் செய்தது தவறு என்று சட்டென்று சொல்லிவிட எனக்கு மனமில்லை. ஐந்து முறை சாம்பியன் பட்டம் வென்றவர் அவர். யார் எந்த இடத்துக்குப் பொருந்துவார் என்று தெரிந்துகொள்ளவே அந்தப் பருவத்தைச் செலவழித்தார். டிராஃப்டின் முதல் சுற்றில் எடுக்கப்படும் புதுமுகங்களின் முதல் ஒப்பந்தம் நான்கு ஆண்டு வரை நீளக்கூடியது, சம்பளமும் அட்டவணைப்படி வரையறுக்கப்பட்டது என்பதால், அணிக்கு இப்படிப் பொறுமையாக இருக்க இடம் உண்டு. ஆனாலும் 18 தோல்வி என்பது அதற்குக் கொடுத்த மிகப் பெரிய விலை என்றுதான் சொல்வேன். அதைச் சுமந்தவர்கள் 19, 20 வயதுப் பையன்கள்.

டிசம்பரில் வெம்பன்யாமாவை சென்டர் இடத்துக்கு மாற்றினார்கள். ஜனவரி தொடக்கத்தில், பந்தைப் பத்திரமாகக் கொண்டுவந்து சரியாகக் கொடுக்கத் தெரிந்த டிரே ஜோன்ஸ் முதல் ஐவரில் இடம்பெற்றார். அதே சமயத்தில் கணுக்கால் பிரச்சினையால் வெம்பன்யாமா ஆடும் நிமிடங்களுக்கும் வரம்பு வைத்திருந்தார்கள். குறைந்த நேரம், சரியான இடம், பந்து கொடுக்க ஆள். விளைவு உடனே தெரிந்தது. ஜனவரி 10 அன்று டெட்ராய்டுக்கு எதிராக 21 நிமிடத்தில் 16 புள்ளி, 12 ரீபவுண்ட், 10 அசிஸ்ட். பிப்ரவரி 12 அன்று டொரான்டோவில் 27 புள்ளி, 14 ரீபவுண்ட், 10 பிளாக். பதினொரு நாள் கழித்து லேக்கர்ஸுக்கு எதிராகப் புள்ளி, ரீபவுண்ட், அசிஸ்ட், ஸ்டீல், பிளாக் என ஐந்திலும் ஐந்துக்குக் குறையாமல் எடுத்தார். மார்ச் இறுதியில் நியூயார்க் நிக்ஸுக்கு எதிராக 40 புள்ளி, 20 ரீபவுண்ட். நவம்பரில் ஆடிய அதே பையன்தான், இரண்டே மாதத்தில் அவர் கை நீண்டுவிடவில்லை. மாறியது பெரும்பாலும் அவரைச் சுற்றியிருந்த அமைப்பு.

ஸ்பர்ஸ் வரலாற்றிலேயே இதற்கு ஒரு நல்ல அளவுகோல் இருக்கிறது. இதற்கு முன் இரண்டு முறை அந்த அணிக்கு முதல் தேர்வு கிடைத்தது. 1987இல் எடுத்த டேவிட் ராபின்சன், கடற்படைப் பணி முடித்து 1989–90இல் களமிறங்கினார். முந்தைய பருவத்தில் 21 ஆட்டம் ஜெயித்த அணி 56 ஜெயித்தது. 1997இல் வந்த டிம் டங்கனின் முதல் பருவத்தில் 20 வெற்றி 56 ஆனது. வெம்பன்யாமா வந்தபோது 22 வெற்றி, வந்த பிறகும் அதே 22. இதை மட்டும் பார்த்தால் அவர் தோற்றுவிட்டார் என்று தோன்றும். ஆனால் டங்கன் முதல் பருவத்தில் எடுத்தது ஆட்டத்துக்கு 21.1 புள்ளி, 11.9 ரீபவுண்ட். வெம்பன்யாமா எடுத்தது 21.4 புள்ளி, 10.6 ரீபவுண்ட். ஏறக்குறைய ஒரே தரம். டங்கன் வந்தபோது அவர் பக்கத்தில் காயத்திலிருந்து திரும்பிய ராபின்சன் நின்றார். ராபின்சன் வந்த ஆண்டில் அவரோடு டெர்ரி கம்மிங்ஸும் ஷான் எலியட்டும் சேர்ந்து வந்தார்கள். வெம்பன்யாமாவுக்குப் பக்கத்தில் நின்றவர்களில் பெரும்பாலோர் அவரைப் போலவே கற்றுக்கொண்டிருந்தவர்கள். வெற்றிக் கணக்கை ஒரு புதுமுகத்தின் தலையில் ஏற்றுவது எவ்வளவு அநியாயம் என்பதற்கு இந்த மூன்று பருவங்களே போதும்.

சிறந்த புதுமுக வீரர் விருது வாக்காளர்கள் அனைவரும் ஒருமனதாகக் கொடுத்து அவருக்கு வந்தது. அடுத்த பருவத்தில் அனுபவசாலியான கிறிஸ் பால் பாயிண்ட் கார்டாக வந்தார். வெம்பன்யாமாவின் சராசரி 24.3 புள்ளிக்கு உயர்ந்தது. 2025 பிப்ரவரியில் வலது தோளில் ரத்தம் உறைந்த பிரச்சினையால் பருவம் 46 ஆட்டத்தோடு நின்றாலும், அணி 34 வெற்றிக்கு ஏறியது.

2025 அக்டோபர் 22 அன்று டல்லாஸில் இன்னொரு முதல் தேர்வு அறிமுகமானார். 18 வயது கூப்பர் ஃபிளாக். அவர் அறிமுக ஆட்டத்தில் எதிரணி ஸ்பர்ஸ்தான். 40 புள்ளியும் 15 ரீபவுண்டும் எடுத்தவர் வெம்பன்யாமா, ஃபிளாக் 10 புள்ளி, 10 ரீபவுண்ட். டல்லாஸ் 92–125 என்று நொறுங்கியது. காயத்தால் கைரி இர்விங் இல்லாத நிலையில், இயல்பில் ஃபார்வர்டான ஃபிளாக்கைப் பயிற்சியாளர் ஜேசன் கிட் பாயிண்ட் கார்டாக நிறுத்தியிருந்தார். வேறு யாராவது பந்தைக் கொண்டுவந்து கொடுக்க, அவர் தன் இடத்தில் ஓடி ஆடும் மாதங்கள் வரும்வரை, அந்த 10 புள்ளியை வைத்து அந்தப் பையனைப் பற்றி யாரும் எந்த முடிவுக்கும் வரத் தேவையில்லை.